பீருக்குப் போனது போக ஆட்டுக்கு வருவது

பிப்ரவரி மாதத்தில் வட இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ ஒரு செம்மறிப் பண்ணைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இரண்டு வாசனைகள். ஒன்று ஊறுகாய்ப் புல்லின் புளிப்பு. சைலேஜ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கோடையில் அறுத்து, காற்றுப் புகாமல் மூடி, தானாகப் புளிக்கவிட்ட புல் அது. இன்னொன்று பீர் ஆலையிலிருந்து லாரியில் வந்து இறங்கிய பார்லிச் சக்கையின் மணம். வேகவைத்த தானியத்தில் லேசாக வெல்லம் சேர்த்தது போல இருக்கும். இறக்கிய சூட்டோடு, குளிரில் அந்தக் குவியலிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். வாளிச் சத்தம் கேட்டதும் ஆடுகள் தொட்டியோரம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த மாதத்தில் அங்கே வெளியில் புல் வளராது. மந்தையில் பெரும்பாலானவை நிறைசினை ஆடுகள்; பாதிக்கு மேல் இரட்டைக் குட்டி சுமப்பவை. கையிருப்பில் உள்ள சைலேஜும், அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் தீவனமும் சேர்ந்துதான் அவற்றைக் குட்டி ஈனும் நாள்வரை கொண்டுபோக வேண்டும். சைலேஜோடு பீர்ச் சக்கையைச் சேர்ப்பது மலிவு கருதி நடக்கிற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். மலிவு என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சேர்க்கை பொருந்துவதற்கும், சில இடங்களில் கவிழ்த்துவிடுவதற்கும் காரணம் விலையில் இல்லை. பீர் காய்ச்சும்போது பார்லிக்கு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

சக்கையில் மிஞ்சுவது என்ன?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். அதை உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் போல ஊறவிடுகிறார்கள். முளையில் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அந்த இனிப்புச் சாற்றை வடித்தெடுத்துப் பீர் செய்யப் போய்விடுகிறார்கள். கலத்தின் அடியில் தங்குவது உமி, நார், புரதம், கொஞ்சம் கொழுப்பு. 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை வரும்.

சக்கை என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். கரும்புச் சக்கை போல, சாரமெல்லாம் போனபின் கிடைப்பது என்று மனதில் படும். இதைப் பிண்ணாக்கோடு ஒப்பிடுவதே சரி. செக்கில் எண்ணெய் வடிந்தபின் கடலைப் பிண்ணாக்கில் புரதம் செறிந்து நிற்பது போல, மாவுச்சத்து போனபின் பார்லியில் புரதம் செறிகிறது. முழுப் பார்லியின் உலர் எடையில் புரதம் 11, 12 சதவீதம். சக்கையின் உலர் எடையில் ஏறக்குறைய 25 சதவீதம், ஆலைக்கு ஆலை சற்று ஏறி இறங்கும். ஆனால் 'உலர் எடை' என்ற வார்த்தையை மறக்கக் கூடாது. வந்து இறங்கும் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர்.

அளவைவிட முக்கியம் அந்தப் புரதத்தின் குணம். வெந்நீரில் ஊறும்போது கரையக்கூடிய புரதம் சாற்றோடு போய்விடுகிறது. எளிதில் கரையாத புரதமே சக்கையில் தங்குகிறது. ஆட்டின் முதல் வயிறான ரூமெனுக்குள் போனாலும் அதில் ஒரு நல்ல பங்கு அங்கேயே சிதையாமல், குடல்வரை முழுதாகப் போய்ச் சேரும்.

சைலேஜின் கதை நேர் எதிர். புல்லை மூடிவைத்ததும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புல்லில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. இட்லி மாவு புளிப்பதும் இதே வகை வேலைதான். அமிலம் ஏறி, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு ஏற ஏற இந்த எண் இறங்கும்) 4-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும். பிரெஞ்சுப் பண்ணையாளர் ஒகுஸ்த் கோஃபார் 1877-இல் மக்காச்சோள சைலேஜ் பற்றிய புத்தகத்தை வெளியிட்ட பிறகு இந்த முறை உலகமெங்கும் பரவியது. ஈரக்குளிரில் புல் சரியாகப் புளிக்காத பின்லாந்தில், அமிலத்தை நேரடியாகத் தெளித்துப் புல்லைக் காக்கும் வழியைக் கண்ட விர்த்தனேன் 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். தீவனப் புல்லுக்கு நோபல் கிடைத்தது என்று நம் கல்லூரி மாணவர்களிடம் சொன்னால் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

புளிப்புக்கு ஒரு விலை உண்டு. புல்லின் சர்க்கரை அமிலமாகிவிட்டதால், ரூமென் நுண்ணுயிர்களுக்கு உடனடி ஆற்றல் குறைந்துபோகிறது. புல்லின் புரதமோ மூடிக் கிடந்த காலத்திலேயே பாதிக்கு மேல் உடைந்து, ரூமெனுக்குள் போனதும் வேகமாக அம்மோனியாவாக மாறிவிடுகிறது. அதைப் பிடித்து, பின்னால் ஆடே செரித்துக்கொள்ளும் தங்கள் உடல் புரதமாகக் கட்டிக்கொள்ள நுண்ணுயிர்களுக்குக் கையில் ஆற்றல் இல்லை. மிஞ்சும் அம்மோனியா கல்லீரலுக்குப் போய், யூரியாவாகி, சிறுநீரில் வெளியேறுகிறது. ஆய்வறிக்கையில் 14 சதவீதம் புரதம் என்று இருக்கும் சைலேஜைத் தின்னும் ஆடு, புரதப் பற்றாக்குறையில் இருப்பது இப்படித்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சைலேஜின் புரதம் கரைந்து வீணாவது. சக்கையின் புரதம் கரையாமல் குடலுக்குப் போவது. பார்லியில் கரைவதையெல்லாம் பீர் எடுத்துக்கொண்டதால்தான் மிச்சம் ஆட்டுக்கு இந்த அளவு பயன்படுகிறது.

ஒரு தாய் ஆட்டின் கணக்கு

செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். கருவில் இருக்கும் குட்டியின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. மடி கட்டுவதும் சீம்பால் ஊறுவதும் அதே காலத்தில்தான். அதே நேரத்தில் வளரும் கருப்பை ரூமெனை நெருக்கித் தள்ளுகிறது. தேவை ஏறும் வாரங்களிலேயே வயிற்றில் இடம் குறைகிறது.

75 கிலோ எடையுள்ள, இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டை எடுத்துக்கொள்வோம். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பு அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 15 மெகா ஜூல் ஆற்றல் வேண்டும். கடைசி வாரத்தில் 18-ஐ நெருங்கும். கிலோ உலர் எடைக்கு 10.5 மெகா ஜூல் உள்ள நல்ல சைலேஜை அது 1.1 கிலோ உலர் எடை அளவுக்குத் தின்றால் கிடைப்பது 11.5 மெகா ஜூல். மூன்று வாரம் முன்பு 3.5 குறைகிறது, கடைசி வாரத்தில் 6.5 குறைகிறது.

ஒரு கிலோ ஈரச் சக்கை கொடுத்தால் உள்ளே போவது கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான உலர் பொருள். ஆற்றல் சுமார் 2.8 மெகா ஜூல், புரதம் 60 கிராம். புரதக் கணக்கில் இது நல்ல இடம். கடைசி மூன்று வாரத்தில், சுமக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் தினம் 100 கிராம் சோயாப் பிண்ணாக்கு என்பது பிரிட்டனில் ஆலோசகர்கள் சொல்லும் கைக்கணக்கு. இரட்டைக்கு 200 கிராம், அதாவது சுமார் 90 கிராம் புரதம். ஒன்றரைக் கிலோ சக்கை அந்த அளவை எட்டிவிடும். சோயாவின் விலை ஏறும் ஆண்டுகளில் இந்த ஒரு வரிக் கணக்குக்காகவே சக்கை லாரி பண்ணைக்குள் வருகிறது.

ஆற்றல் கணக்கில் அப்படி இல்லை. 6.5 மெகா ஜூல் பள்ளத்தைச் சக்கையை மட்டும் வைத்து அடைக்க இரண்டே கால் கிலோவுக்கு மேல் வேண்டும். நாரும் தண்ணீருமாக அத்தனையை, நெருக்கப்பட்ட வயிற்றுக்குள் திணித்தால் ஆடு சைலேஜைக் குறைத்துக்கொள்ளும். மொத்தத்தில் லாபம் சுருங்கும். சைலேஜிலும் சர்க்கரை இல்லை, சக்கையிலும் மாவுச்சத்து இல்லை. இரண்டும் சேர்ந்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது என்பதைத்தான் பண்ணைக்காரர்கள் தவறவிடுகிறார்கள். 'தானியம் போட்டாயிற்று' என்ற நிம்மதியில் இருந்துவிடுகிறார்கள். ஆனால் போட்டதில் தானியத்தின் தானியம் போய்விட்டது. அரைக் கிலோ உடைத்த பார்லி சேர்த்தால் ஐந்தரை மெகா ஜூலுக்கு மேல் வந்துவிடும். நுண்ணுயிர்கள் சைலேஜின் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளவும் அதுவே கைகொடுக்கும்.

இந்தப் பற்றாக்குறை நீடித்தால் வருவது இரட்டைக் குட்டி நோய். ஆடு மந்தையிலிருந்து விலகி நிற்கும். தொட்டிக்கு வராது. கண் தெரியாதது போலச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். உடலின் கொழுப்பை அவசரமாகக் கரைத்ததில் மூச்சில் நகப்பூச்சு நீக்கி போல ஒரு வாடை வரும். அந்தக் கட்டத்தில்தான் கண்டுபிடித்தோம் என்றால் பாதிக்கு மேல் ஆடுகள் கைநழுவிப் போகின்றன. இன்றைக்கு ஒரு ஆடு தொட்டிக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சக்கைக்கு ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். மாவுச்சத்து இல்லாததால், பார்லியை அள்ளிப் போட்டால் வருகிற வயிற்று அமிலச் சிக்கல் இதில் அரிது. பழக்கப்படாத ஆட்டுக்கும் ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றிவிடலாம்.

செம்பு எந்தக் கலத்திலிருந்து வருகிறது?

செம்மறிக்கு மதுத் தொழிலின் மிச்சம் என்றாலே கால்நடை மருத்துவர்கள் முதலில் கேட்பது செம்பைப் பற்றித்தான். கால்நடைகளில் செம்பைச் சரியாக வெளியேற்றத் தெரியாத உயிர் செம்மறி. தின்னும் செம்பில் உடல் உறிஞ்சியது கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி செம்மறியின் முழுத் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது. அசைபோடத் தொடங்கிய மாட்டுக்கு 30 வரை அனுமதி.

வாரக்கணக்காக, மாதக்கணக்காக வெளியில் எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள், குட்டி ஈனும் சிரமத்திலோ, வண்டியில் ஏற்றி இறக்கிய அலைச்சலிலோ, கல்லீரல் தாங்காமல் செம்பை ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்துபோகும். கண்ணின் வெண்படலம் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கி உலோகம் போலக் கருத்துக் கிடக்கும். தீவனம் மாற்றிய நாளுக்கும் சாவு விழுந்த நாளுக்கும் இடையே அத்தனை இடைவெளி இருப்பதால், பலருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே தோன்றாது.

ஆனால் எல்லா ஆலை மிச்சமும் ஒன்றல்ல. பீர் ஆலையில் சக்கை பிரிவது முதல் கலத்திலேயே. அதற்குப் பிறகுதான் சாறு கொதிகலனுக்குப் போகிறது. இங்கிலாந்தின் பீர் ஆலைகளில் அந்தக் கொதிகலனுக்கே 'காப்பர்' என்றுதான் பெயர். செம்பால் செய்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது, இன்றைக்கு எவர்சில்வராக இருந்தாலும் போகவில்லை. சக்கை அதைத் தொடாமல் வெளியேறுவதால் அந்த வழியில் செம்பு ஏறுவதில்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு போன்ற விஸ்கிப் பகுதிகளில்தான் கவனம் வேண்டும். அங்கேயும் முதல் கலத்திலிருந்து வரும் சக்கை உண்டு, டிராஃப் என்பார்கள். அது பீர்ச் சக்கைக்கு உடன்பிறப்பு. ஆனால் விஸ்கியை வடிப்பது செம்புக் கலத்தில். முதல் வடிப்புக்குப் பிறகு கலத்தில் மிஞ்சும் திரவம் செம்பைச் சுமந்துகொண்டு வரும். பாட் ஏல் என்ற அந்தத் திரவத்தைச் சுண்டவைத்துப் பாகாக விற்கிறார்கள். டிராஃபோடு கலந்து உலர்த்தி 'டார்க் கிரெயின்ஸ்' என்றும் விற்கிறார்கள். மாட்டுக்கு இவை அருமையான தீவனம். செம்மறிக்கு, அளவு பார்க்காமல் போட்டால் நஞ்சு. டிராஃபும் டார்க் கிரெயின்ஸும் ஒரே வாசலிலிருந்து வெளியே வருகின்றன. விற்பவரிடம் 'ஆலைச் சக்கையா?' என்று கேட்பது போதாது. எந்தக் கலத்துக்கு முன்னால் எடுத்தது, எந்தக் கலத்துக்குப் பின்னால் எடுத்தது என்று கேட்க வேண்டும். செம்பு அளவு போட்ட பகுப்பாய்வுச் சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

இனத்தைப் பொறுத்தும் இது மாறும். டெக்ஸெல் இனம் செம்புக்குச் சீக்கிரம் பலியாகும். மலைமேயும் ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் ஓரளவு தாங்கும். எல்லாவற்றிலும் நொந்த உடம்பு நார்த் ரொனால்ட்சே ஆடுகளுடையது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வடகோடியில், 1832-இல் கட்டிய கல்மதில் ஒன்று அவற்றை விளைநிலத்துக்குள் வரவிடாமல் கடற்கரையோடு நிறுத்தியது. ஆண்டின் பெரும்பகுதி கடல்பாசியைத் தின்றே வாழ்ந்த அந்த ஆடுகளின் உடல், கிடைக்கும் துளிச் செம்பையும் விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டது. அவற்றைக் கொண்டுவந்து சாதாரணப் புல்வெளியில் விட்டால் அந்தப் புல்லின் செம்பே ஆட்டைக் கொல்லும்.

கையில் பிழிந்து பார்ப்பது

சக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் இருக்கும் சைலேஜ் கெட்டிருந்தால் பயன் இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் சாறு வழிகிறதா? அது மிக ஈரம். கையை விரித்ததும் உருண்டை மெல்ல அவிழ்ந்தால் 25 முதல் 30 சதவீதம் உலர் பொருள்; செம்மறிக்கு நல்ல கணக்கு. பிறகு கையை முகர்ந்து பார்க்க வேண்டும். தயிர்ப் புளிப்பு இருந்தால் சரி. வாந்தி நாற்றம், அதுவும் கழுவினாலும் விரலை விட்டுப் போகாத நாற்றம் என்றால், வேறு பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து ப்யூடிரிக் அமிலம் ஆக்கிவிட்டன என்று பொருள். நறுக்கின நீளத்தையும் பார்க்க வேண்டும். நீள நீளமாகக் கிடக்கும் சைலேஜை மாடு இழுத்துத் தின்றுவிடும். செம்மறியின் சிறிய வாய்க்குப் பொடியாக நறுக்கியதுதான் ஏறும்.

மூடிய பிளாஸ்டிக்கில் ஒரு ஓட்டை, அல்லது அறுக்கும்போது அகழெலி தள்ளிய மண்மேடு புல்லோடு சேர்ந்துவிட்டது என்றால் லிஸ்டீரியா கிருமிக்கு இடம் கிடைத்துவிடும். அமிலம் சரியாக ஏறாத சைலேஜில் அது பெருகும். மாட்டைவிட செம்மறி இதற்கு எளிதில் பலியாகிறது. பல் விழுந்து முளைக்கும் இளம் ஆடுகளின் ஈறுப் புண் வழியே நுழைந்து, முகத்து நரம்பைப் பிடித்து ஏறி மூளைத்தண்டுக்குப் போகும். ஒரு காது தொங்கும். கன்னத்தில் மெல்லாத தீவனம் அடைந்து நிற்கும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். தின்ற நாளிலிருந்து சில வாரம் கழித்து இது தெரியும் என்பதால், குற்றவாளியான சைலேஜ் அதற்குள் தீர்ந்தேபோயிருக்கும். கருச்சிதைவும் இதே கிருமியால் நேரும். இதுவும் இதுபோன்ற வேறு கிருமிகளும் இருப்பதால்தான் ஈற்றுக் காலத்தில் கர்ப்பிணிப் பெண்கள் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போகவே கூடாது என்று அங்கே அரசே ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

சக்கையை வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதான். பீர் அதிகம் ஓடுவது கோடையில். சக்கையும் அப்போதுதான் மிகுதி. பண்ணையில் அப்போது புல் தாராளமாகக் கிடப்பதால் கேட்பார் குறைவு, விலையும் இறங்கியிருக்கும். விவரமறிந்தவர்கள் அப்போது வாங்கி, சரிவான சிமென்ட் தரையில் கொட்டி, நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் மூடிக் குளிர்காலத்துக்கு வைக்கிறார்கள். மூன்று வாரமாவது திறக்கக் கூடாது. திறந்து போட்ட சக்கை சில நாளில் பூசணம் பிடிக்கும். வழியும் சாற்றை ஓடைக்குள் விட்டால் மீன் மிஞ்சாது; சைலேஜ் சாறு வீட்டுச் சாக்கடையைப்போல 200 மடங்கு கெடுதி என்பது அங்கே பண்ணைப் பாடத்தில் வரும் எண். நீர்நிலையிலிருந்து 10 மீட்டருக்குள் சைலேஜ் குழி இருக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டமே உண்டு.

நம் பக்கத்தில்

சென்னைப் புறநகர் மாட்டுப் பண்ணைகளில் 'பீர் வேஸ்ட்' நெடுநாளாகப் புழங்குகிறது. பரண் மேல் செம்மறி வளர்ப்போரும், மக்காச்சோள சைலேஜோ கம்பு நேப்பியரோ கொடுத்துவிட்டு, மேலே இதைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். சேர்க்கலாம். ஆனால் மேலே போட்ட ஸ்காட்லாந்துக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. மெட்ராஸ் சிவப்புத் தாய் ஆடு 25 கிலோ அளவில்தான் இருக்கும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அதன் கடைசி மாதத் தேவை அந்த 75 கிலோ ஆட்டின் தேவையில் சிறு பங்கு. மேலும் நம் வெயிலில் திறந்த சக்கை இரண்டு நாள் தாங்கினால் பெரிது. பூசணம் கண்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் போடுவதும் சரியில்லை. பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது பக்ரீத்துக்குக் கொழுக்க வைக்கும் கிடாக்கள். பீர்ச் சக்கையில் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைப்போல இரண்டு மடங்கு அளவில் இருக்கிறது. வேண்டியது நேர் எதிர்: சுண்ணாம்பு இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. தவிடும் பாஸ்பரஸ் மிகுந்ததுதான். சக்கையும் தவிடுமாக மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரில் கல் சேரும். பெட்டைக்கு அது வெளியேறிவிடும். கிடாவின் குழாய் ஒடுக்கமானது, வளைந்து போவது. சிறு வயதில் காயடித்ததில் இன்னும் ஒடுக்கம். தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பதும், எந்நேரமும் நல்ல தண்ணீர் இருப்பதும், தாதுக் கலவையை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதும் இதைத் தடுக்கும். கிடா முதுகை வளைத்து, வாலைத் துடிக்கவிட்டு முக்கிக்கொண்டு நின்றால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுகிறார்கள். முதலில் அதன் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து, சிறுநீர் வரும் இடத்து முடியைத் தடவிப் பாருங்கள். முடி காய்ந்து, விரலில் மணல் போல நெறுநெறுவென்று படிகம் ஒட்டினால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.